ஒன்பதாவது கட்டம்

மூன்றாம் முறையும் ஆய்வேடு கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது.

வரலாற்றுத் துறை அலுவலகத்தின் மேசைமேல் அது கிடந்தது. நீல அட்டை, முந்நூற்று எழுபது பக்கம். தலைப்பு மட்டும் நான்கு வரி ஓடியது: "தென்மாவட்ட மணமுறிவு நடைமுறைகளின் நிறுவனமயமாக்கம், 1860 முதல் 1940 வரை: ஒரு சமூக, சட்ட, பண்பாட்டு வரலாற்றியல் சொல்லாடல் பகுப்பாய்வு."

உலகம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். சிவப்பு மை இல்லை. பென்சில் கோடு இல்லை. ஒரு கேள்விக்குறிகூட இல்லை. நெறியாளர் கையெழுத்திட வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்காவிட்டால் அவளுடைய பதிவு காலாவதியாகிவிடும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. ஏழு வருடம்.

"இன்னைக்கும் ஆவலையா டீச்சர்?" அலுவலக உதவியாளர் செண்பகம் கோப்புகளைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "மேடம் உள்ளதான் இருக்காவ. போய்க் கேளுங்க. இங்கன நின்னா கையெழுத்து தானா வந்து விழுமா?"

"போறேன் செண்பகம்."

"மஸ்கட்டுல இருந்து உங்க வீட்டு சாரு எப்பம் வாராவ?"

"டிசம்பர்ல."

"பேரீச்சம்பழம் மறந்திராதிய. போன தடவ எனக்குக் கொட்டைதான் மிஞ்சிச்சு."

உலகம்மாள் சிரித்தாள். ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நெறியாளர் பேராசிரியர் ஜெசிந்தா ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பத்தொன்பது வயது. உலகம்மாளுக்கு நாற்பத்தாறு. பள்ளிக்கூட வேலையை விடாமல் பகுதிநேர ஆய்வுக்கு வந்தவள். மாணவிதான் என்றாலும் பேராசிரியர் அவளை முதல் நாளிலிருந்தே டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"உட்காருங்க டீச்சர்."

"இதுல என்ன குறை, மேடம்?"

"நடை, மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் ஒழுங்கா இருக்கு."

"அப்புறம் ஏன் மூணு தடவை திரும்பி வருது?"

பேராசிரியர் சீவிய பென்சிலை ஒரு பேரீச்சம்பழ டப்பாவில் போட்டார். ஜனவரியில் உலகம்மாள் கொண்டுவந்து கொடுத்த டப்பா அது. பழம் தீர்ந்ததும் பென்சில்களுக்கு ஆகிவிட்டது. அடியில் விலைச்சீட்டு பாதி கிழிந்த நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாலாவது அத்தியாயம். நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கம். முதல் வாக்கியத்தைச் சத்தமா வாசிங்க."

உலகம்மாள் வாசித்தாள். "பாலின அதிகாரப் படிநிலையினூடாகக் கட்டமைக்கப்பட்ட மணவுறவின் ஒருதலைச் சிதைவாக்கமானது, துரும்பு எனும் குறியீட்டுப் பண்டத்தின் கையளிப்பு நிகழ்த்துகை வழியாக, வட்டாரச் சமூக நினைவகத்தில் முறைமையாக்கம் பெறுகிறது."

"மூச்சு வாங்குதா?"

"இல்லை மேடம்."

"எனக்கு வாங்குது. இதுக்குள்ள எத்தனை பேர் இருக்காங்க?"

உலகம்மாள் வாக்கியத்தை மறுபடியும் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

"யாரும் இல்லை மேடம். துரும்பு மட்டும் இருக்கு."

"அதையாவது விட்டுவெச்சீங்களே."

"ஆய்வு நடை இப்படித்தான் இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. முதல் வருஷம் 'அந்தப் பெண் அழுதிருப்பாள்'னு ஒரு வரி எழுதிட்டு வந்தேன். அதைச் சுழிச்சு, பக்கத்துல 'சான்று எங்கே?'ன்னு எழுதிக் கொடுத்தீங்க."

"எழுதினேன்." பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்கா யாரும் கேட்டதில்லை, டீச்சர்."

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்து மலை இருந்த இடத்தில் மேகம்தான் தெரிந்தது.

"துரும்பு கொடுக்கிறதுன்னா என்ன? உங்க எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"ஊர்க்கூட்டம் நடக்கும். புருஷன் ஒரு துரும்பை எடுத்துப் பொண்டாட்டி கையில கொடுப்பான். அவ வாங்கிட்டா உறவு தீர்ந்தது."

"அப்புறம்?"

"ஊர்க்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

"அவ?"

"அவளும் போயிருவா."

"துரும்பு?"

உலகம்மாள் நிமிர்ந்தாள்.

"வாங்கின துரும்பை அவ என்ன பண்ணா, டீச்சர்?"

"அது எந்த ஆவணத்துலயும் பதிவாகலை, மேடம்."

அறையின் மூலையில், புதுக் கண்ணாடி அலமாரி வந்த மரப்பெட்டி திறந்து கிடந்தது. பேராசிரியர் எழுந்து போய், அதற்குள் அடைத்திருந்த வைக்கோலில் ஒன்றை உருவினார். திரும்பி வந்து மேசைக்கு மேலாக நீட்டினார்.

உலகம்மாளின் கை நீண்டு வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் வாங்கியது தெரிந்தது.

"நாளைக்கு வரும்போது சொல்லுங்க" என்றார் பேராசிரியர்.

பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒரு கையில் பை, மடியில் ஆய்வேடு, இன்னொரு கையில் வைக்கோல். நடத்துநர் சீட்டைக் கிழித்துக்கொண்டே பார்த்தார்.

"என்ன டீச்சர், ஒத்த வைக்கோல்? வீட்டுல மாடு டயட்ல இருக்கா?"

முன் இருக்கையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உலகம்மாளுக்கு முகம் சூடாகியது. பண்பொழிக்குப் பிரியும் விலக்கு தாண்டியதும் ஜன்னல் வழியாக அதை வெளியே விட்டாள். ஆடிக்காற்று அதைத் தூக்கி அவள் மடியிலேயே போட்டது. மறுபடி விடத் தோன்றவில்லை.

அவள் வீடு மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் அவள் உட்காருவாள். இன்னொன்றில் ஆவண நகல்கள் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. எட்டாம் வகுப்பில் காலையிலிருந்து பேசிய தொண்டை, வீட்டுக்கு வந்ததும் மறுநாள் காலைவரை சும்மா இருக்கும். சில நாள் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொல்லும்போது குரல் பிசிறும்.

வைக்கோலைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். அது அங்கேயே இருந்தது. குப்பைக்கூடைக்குள் போட்டாள். ஒரு வாய் காபி குடித்ததும் எழுந்துபோய் எடுத்தாள். அடுப்பில் காட்டலாம் என்று நினைத்தாள். ஜன்னல் கம்பியில் சொருகினாள். காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்ததால் அங்கிருந்தும் எடுத்தாள்.

நாற்காலியில் இருந்த நகல்களில் மேலே இருந்தது எண்பத்தெட்டாவது ஆவணம். நூறு வருடத்துக்கு முந்தைய விடுமுறி. மனைவியை விட்டுவிட்டதாகக் கணவன் எழுதிக்கொடுக்கும் சீட்டு. அதை அவள் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். ஆய்வேட்டில் அது "உரிமைத் துறப்பு வாய்பாடு, வகை இரண்டு" என்று இருந்தது. இப்போது கையில் வைக்கோலோடு நின்றபடி படித்தாள்.

"இன்று முதல் நீ யாரோ நான் யாரோ. நீ எந்தத் திக்கில் போனாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்."

ஏன் என்று கேட்க மாட்டேன்.

கடைசியில் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் ஒரு பழுப்பு நிற உறை இருந்தது. அதற்குள் வைக்கோலைப் போட்டு, மறுபடி புடவைக்கு அடியில் வைத்தாள்.

அந்த உறையில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பின் நகல். போன வருடம், மாசி மாதம்.

அவள் கணவர் சிதம்பரநாதன் மஸ்கட்டில் வேலை பார்த்தது உண்மை. நான்கு வருடத்துக்கு முன் அங்கிருந்து திரும்பியதும், தென்காசிக்கு வராமல் கோயம்புத்தூருக்குப் போனதும், அங்கே அவருக்கு வேறொரு வீடு இருப்பதும் யாருக்கும் தெரியாது. முதல் டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், "சார் வந்தாரா?" என்று. அவள் வாயில் "வந்துட்டுப் போயிட்டார், பத்து நாள்தான் லீவு" என்று வந்தது. மறுநாள் கடைத்தெருவில் பேரீச்சம்பழம் வாங்கினாள். விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கொடுத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் வாங்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

"என்ன பண்ணா?" என்றார் பேராசிரியர், அவள் உட்காருவதற்குள்.

"தூக்கிப் போட்டிருக்க மாட்டா, மேடம்."

"சான்று?"

உலகம்மாள் ஆய்வேட்டை மேசைமேல் வைத்தாள்.

"எங்க வெச்சிருப்பா?"

"துணிக்கு அடியில. யாரும் பார்க்காத இடத்துல."

"ஒத்தத் துரும்பை மட்டுமா?"

"அதோட வேற ஒண்ணும் அங்க இருந்திருக்கலாம், மேடம்."

பேராசிரியர் தலையசைத்தார். ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். மூன்றாம் பின்னிணைப்பு. உலகம்மாள் ஏழு வருடம் ஊர் ஊராக அலைந்து, பத்திரங்களிலிருந்தும் பழைய வழக்குக் கட்டுகளிலிருந்தும் சேர்த்த மணமுறிவுகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் ஒன்பது கட்டம். ஆண்டு, ஊர், மணவாழ்வுக் காலம், பிள்ளைகள், காரணம் என்று போய், ஒன்பதாவது கட்டத்தில் "பெண் தரப்பு எதிர்வினை" என்று முடியும்.

"மொத்தம் எத்தனை, டீச்சர்?"

"முந்நூத்திப் பன்னிரண்டு."

"அத்தியாயத்துல எல்லாம் அப்படித்தான் இருக்கு."

பேராசிரியர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவளை நோக்கி வைத்தார். பட்டியலின் அடியில் கணினி தானே கூட்டிப் போட்டிருந்த எண் இருந்தது. முந்நூற்றுப் பதின்மூன்று.

உலகம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றத்திலிருந்து திரும்பிய அந்த மதியம் அவளுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரி முடிந்ததும் திரையில் அடுத்த வெற்று வரி தானாக வந்து நின்றது. நாம் எந்தக் கட்டத்தில் எப்படி இருப்போம் என்று பார்க்கலாமே என்றுதான் நிரப்பினாள். ஆண்டு. தென்காசி. பதினாறு வருடம். பிள்ளைகள் இல்லை. காரணம் கூறப்படவில்லை. எட்டுக் கட்டம்வரை விரல்கள் தயங்கவில்லை. ஒன்பதாவதில் நின்றன.

அன்று காலை நீதிபதி கேட்டார், "உங்களுக்குச் சம்மதமா?" அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற வக்கீல் "சம்மதம்" என்றார். அவள் தலையசைத்தாள். மற்ற முந்நூற்றுப் பன்னிரண்டு வரியிலும் ஒன்பதாவது கட்டத்தில் "பதிவாகவில்லை" என்று போட்டிருந்தாள். இதில் அதைப் போட முடியவில்லை. வாசல் மணி அடித்தது. தபால். எழுந்து போனவள் அழிக்க மறந்துவிட்டாள். அச்சான பிறகும் பின்னிணைப்பை யாரும் வாசிப்பதில்லை, அவள் உட்பட.

"மூணு தடவை திருப்பி அனுப்பினேன்" என்றார் பேராசிரியர். "நீங்களே பார்ப்பீங்கன்னு."

"தட்டச்சுப் பிழை, மேடம்."

"பிழையா?"

"ஆமா மேடம்."

"பிழைன்னா அடிச்சிடலாம். நம்ம கால எல்லை 1940. இது போன வருஷம். அடிக்கிறதுதான் முறை."

பேரீச்சம்பழ டப்பாவிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். அடிக்கோல் வைத்து, முந்நூற்றுப் பதின்மூன்றாவது வரியின்மேல் கோடு இழுத்தார். அவசரமில்லாமல் இழுத்தார். ஆண்டின்மேல் போனது. தென்காசியின்மேல் போனது. பதினாறு வருடத்தின்மேல் போனது. எட்டாவது கட்டம் முடிந்ததும் பென்சில் தாளைவிட்டு எழுந்தது. ஒன்பதாவதில் அடிக்க ஒன்றும் இல்லை.

பிறகு முதல் பக்கத்துக்கு வந்து கையெழுத்திட்டார். தேதி போட்டார்.

"கடைசிப் பக்கத்தை மட்டும் மாத்தி அச்செடுங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள கொடுத்துடலாம்."

"நடை, மேடம்? நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கம்?"

"நடைக்காக யாரும் பட்டத்தை நிறுத்துறதில்லை டீச்சர். இதைவிட மோசமா எழுதினவங்க எல்லாம் துறைத்தலைவரா இருக்காங்க."

உலகம்மாள் சிரிக்க முயன்றாள். ஆய்வேட்டை வாங்கிக்கொண்டாள். ஏழு வருடமாகக் காத்திருந்த கையெழுத்து அது. இனி அவள் எழுந்து நடக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. எழுந்தாள். நடந்தாள்.

கதவருகே செண்பகம் தேநீர் டம்ளர்களோடு வந்துகொண்டிருந்தாள். நீல அட்டையைப் பார்த்தாள், உலகம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆயிட்டா? கையெழுத்து ஆயிட்டா டீச்சர்?"

"ஆயிட்டு."

"அம்மா உலகம்மா! இனிமே டாக்டர் உலகம்மான்னுல்லா கூப்பிடணும்!" டம்ளர் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள். "முதல்ல சாருக்கு ஒரு போனப் போடுங்க. மஸ்கட்டுல இருந்துக்கிட்டு அவிய என்னமா சந்தோசப்படுவாவ!"

உலகம்மாள் நின்றாள்.

செண்பகம் உள்ளே போய் ஒரு டம்ளரைப் பேராசிரியர் மேசையில் வைத்தாள். வெளியே வந்து இன்னொன்றை உலகம்மாள் கையில் கொடுத்தாள். "குடிச்சிட்டுப் பேசுங்க, ஆறிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

தேநீரில் ஆவி பறந்தது. உலகம்மாள் கதவருகிலேயே நின்றாள். தேநீர் ஆறும்வரை நின்றாள். பேராசிரியரும் தன் டம்ளரைத் தொடவில்லை.

அவள் திரும்பி வந்தாள். ஆய்வேட்டை மேசைமேல் வைத்தாள். டம்ளரை அதன்மேல் வைத்தாள். நீல அட்டையில் ஈர வட்டம் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"மேடம்."

"சொல்லுங்க."

அவள் தொண்டையைச் செருமினாள்.

"அவர் மஸ்கட்ல இல்லை."

பேராசிரியர் டம்ளரையும் ஆய்வேட்டையும் ஓரமாக நகர்த்தி வைத்தார். எதிரிலிருந்த நாற்காலியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அடுத்த வாக்கியம்?" என்றார்.